சோதனைக் குழாய் வெறும் பாத்திரமா?



ஒரு சிறிய கிண்ணத்தில் கொஞ்சம் வெந்நீர் இருப்பதாகக் கொள்வோம். அதன் வெப்பநிலையை அறிய ஒரு வெப்பமானியை அதில் விடுகிறீர்கள். வெப்பமானி குளிர்ந்திருக்கிறது. அது சூடேறுவதற்கு வேண்டிய வெப்பத்தை எங்கிருந்து பெறும்? அந்த வெந்நீரிலிருந்துதான். ஆகவே பாதரசம் நிற்கும் இடம், வெப்பமானியை விடுவதற்கு முன் நீரில் இருந்த வெப்பநிலை அன்று. விட்ட பிறகு ஏற்பட்ட வெப்பநிலையே ஆகும். வாளி நிறைய நீர் இருந்தால் இந்த வேறுபாடு நம் கண்ணுக்குத் தெரியாது. இரண்டு கரண்டி நீரில் நன்றாகத் தெரியும். மின்சுற்றில் வோல்ட்மீட்டரை இணைக்கும்போதும் இதே கதைதான். அதுவும் ஒரு சிறு மின்னோட்டத்தைத் தனக்கென எடுத்துக்கொள்கிறது.

அளக்கும் செயல் அளக்கப்படும் பொருளை மாற்றிவிடக்கூடும் என்பது இயற்பியல் மாணவர் அனைவரும் கற்கும் முதற்பாடங்களுள் ஒன்று. இந்தப் பாடம் இயற்பியல் ஆய்வகத்தின் வாசலோடு நின்றுவிடுவதில்லை. மருத்துவமனையில் உங்கள் கையிலிருந்து எடுக்கும் 3 மி.லி. இரத்தத்திலும் இது இருக்கிறது. அந்த இரத்தம் செல்லும் குழாயின் அடியில் ஏற்கெனவே ஒரு பொருள் காத்திருக்கிறது. அது எது, எவ்வளவு, எவ்வளவு நேரம் இரத்தத்தோடு இருந்தது என்பவை தெரியாமல், ஆய்வு அறிக்கையில் உள்ள எண்ணுக்குப் பொருள் இல்லை என்பது என் கருத்து. இந்தச் செய்தி நம் பள்ளிப் பாடங்களிலும் செய்முறைக் குறிப்பேடுகளிலும் இடம்பெறுவதில்லை. இடம்பெற வேண்டும் என்று வாதிடவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

உறைதலைத் தடுக்கும் வழிகள்

உடலை விட்டு வெளியே வந்த இரத்தம் சில நிமிடங்களில் உறைந்துவிடும். பிளாஸ்மாவில் கரைந்துள்ள ஃபைப்ரினோஜன் என்னும் புரதம் ஃபைப்ரின் இழைகளாக மாறி, ஒரு வலைபோல் அணுக்களைச் சிறைப்பிடிக்கிறது. உறைந்த இரத்தத்தில் அணுக்களை எண்ண முடியாது. அதனை இன்னொருவருக்குச் செலுத்தவும் முடியாது.

இந்த உறைதல் ஒரே தாவலில் நடைபெறுவதில்லை. பல புரதங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தூண்டப்படுகின்றன. இவற்றுள் சில புரதங்களின் ஒரு பகுதி எதிர்மின்னூட்டம் உடையது. அவை வந்து அமர வேண்டிய இரத்தத் தட்டுகளின் மேற்பரப்பும் எதிர்மின்னூட்டம் உடையதே. ஒத்த மின்னூட்டங்கள் ஒன்றையொன்று விலக்கும் என்பது நீங்கள் அறிந்ததே. பின் இவை எப்படி ஒட்டுகின்றன? இடையில் இரட்டை நேர்மின்னூட்டம் கொண்ட கால்சியம் அயனி பாலமாக நிற்கிறது. கால்சியத்தை அகற்றினால் பாலம் விழும், உறைதல் நின்றுவிடும். 1890-ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர்கள் ஆர்த்தூஸ், பாஜெஸ் ஆகிய இருவரும் ஆக்சலேட் உப்பைச் சேர்த்துக் கால்சியத்தை நீக்கினால் இரத்தம் உறைவதில்லை என்று காட்டினர்.

இன்று ஆய்வகங்களில் பயன்படும் உறைவு தடுப்பான்களுள் முக்கியமானவை மூன்று. ஒன்று சோடியம் சிட்ரேட். எலுமிச்சையிலுள்ள சிட்ரிக் அமிலத்தின் உப்பு இது. கால்சியத்தை மென்மையாகப் பற்றிக்கொள்ளும். வேண்டும்போது மேலும் கால்சியம் சேர்த்து உறைதலை மறுபடியும் தொடங்கி வைக்கலாம். இரண்டாவது ஈ.டி.டி.ஏ. என்னும் சேர்மம். இது கால்சியத்தைப் பன்மடங்கு வலுவாகப் பற்றும். மூன்றாவது ஹெப்பாரின். இது கால்சியத்தை அகற்றி வேலை செய்வதில்லை. நம் இரத்தத்திலேயே உறைதலைக் கட்டுப்படுத்தும் ஒரு புரதம் உண்டு. அதன் வேகத்தை மிகப் பெரிய அளவில் கூட்டிவிடுகிறது ஹெப்பாரின்.

இரத்தக் குழாய்களின் மூடிகள் பல நிறங்களில் இருப்பதைக் கண்டிருப்பீர்கள். அவை அழகுக்காக அல்ல. பொதுவாக ஊதா மூடி ஈ.டி.டி.ஏ.யையும், நீலம் சிட்ரேட்டையும், பச்சை ஹெப்பாரினையும், சாம்பல் நிறம் ஃபுளோரைடையும் குறிக்கும்.

ஒரு விழுக்காடா, ஐந்தில் ஒரு பங்கா?

சிட்ரேட்டின் வரலாறு, அளவின் வரலாறு. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆய்வகங்களில் சிட்ரேட்டைப் பயன்படுத்துவது வழக்கமாகத்தான் இருந்தது. ஆனால் ஆய்வகத்தில் போடும் அளவு மனிதருக்கு நஞ்சாகும் என்று அஞ்சினர். ஆகவே இரத்தம் கொடுப்பவரின் தமனியை ஏற்பவரின் சிரையோடு நேரடியாக இணைக்கும் கடினமான அறுவை முறையைக் கையாண்டு வந்தனர். 1914-ஆம் ஆண்டில் பெல்ஜியத்தில் ஆல்பர்ட் ஹுஸ்டினும், அர்ஜென்டினாவில் லூயிஸ் அகோட்டேயும் சிட்ரேட் கலந்த இரத்தத்தை நோயாளிகளுக்குச் செலுத்தினர். 1915-இல் நியூயார்க் நகரில் ரிச்சர்டு லூவிசான் எளிய கேள்வி ஒன்றை எழுப்பினார். உறைதலைத் தடுக்க உண்மையில் எவ்வளவு சிட்ரேட் போதும்? படிப்படியாகக் குறைத்துப் பார்த்து, 0.2 விழுக்காடு போதும் என்று கண்டார். ஆய்வகத்தில் வழங்கிவந்த 1 விழுக்காட்டில் இது ஐந்தில் ஒரு பங்கு. அந்த அளவு மனிதருக்குத் தீங்கு செய்யவில்லை.

இங்கே புதிய பொருள் எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். எல்லோரிடமும் இருந்த பொருள்தான். அதன் செறிவை ஒருவர் அளந்து பார்த்தார், அவ்வளவே. எத்தனை உயிர்கள் அந்த ஓர் அளவீட்டால் பிழைத்தன!

அடுத்த ஆண்டே, 1916-இல், ராக்ஃபெல்லர் நிலையத்தில் ரூஸும் டர்னரும் சிட்ரேட்டோடு குளுக்கோசும் சேர்த்தால் சிவப்பணுக்கள் வாரக்கணக்கில் கெடாமல் இருக்கின்றன என்று கண்டனர். முதல் உலகப் போரின்போது, 1917-இல், ஆசுவால்டு ராபர்ட்சன் இக்கரைசலில் இரத்தத்தைச் சேகரித்துப் பனிக்கட்டிப் பெட்டிகளில் வைத்துப் போர்முனையில் பயன்படுத்தினார். 1943-இல் பிரிட்டனில் லூட்டிட், மாலிசன் ஆகியோர் கரைசலை அமிலமாக்கினர். இதற்குக் காரணம் சமையலறையில் நாம் காண்பதுதான். சர்க்கரையும் சிட்ரேட்டும் கலந்த கரைசலைக் கிருமி நீக்கத்திற்காகச் சூடாக்கினால் சர்க்கரை கருகிப் பழுப்பாகிவிடும். அமிலம் சேர்த்தால் அவ்வாறு ஆவதில்லை. அதோடு, அந்த அமிலத்தன்மை சிவப்பணுக்கள் நீண்ட நாள் வாழவும் துணை செய்தது. சேமிப்புக் காலம் 21 நாளாயிற்று. பிற்காலத்தில் பாஸ்பேட்டும் அடினினும் சேர்ந்தன, 35 நாளாயிற்று. சிவப்பணுக்களைப் பிரித்து உப்பு, அடினின், குளுக்கோஸ், மானிட்டால் கொண்ட கரைசலில் வைத்தால் இன்று பொதுவாக 42 நாள் வரை வைத்திருக்கிறார்கள்.

நம் நாட்டு இரத்த வங்கியில் ஒருவர் 350 மி.லி. இரத்தம் கொடுக்கிறார் என்றால், அந்தப் பையில் 49 மி.லி. கரைசல் முன்பே ஊற்றப்பட்டிருக்கும். 450 மி.லி.க்கு 63 மி.லி. இரண்டையும் வகுத்துப் பாருங்கள். 100 மி.லி. இரத்தத்திற்கு 14 மி.லி. என்ற ஒரே விகிதம் கிடைக்கும். அந்தப் பையில் இருப்பதை ‘இரத்தம்’ என்கிறோம். உண்மையில் அது இரத்தமும் கரைசலும் சேர்ந்த கலவை. நாள் செல்லச் செல்ல அதன் சிவப்பணுக்களிலிருந்து பொட்டாசியம் வெளியே கசிகிறது. ஆக்சிஜனைத் திசுக்களுக்கு விட்டுக்கொடுக்க உதவும் ஒரு பாஸ்பேட் சேர்மமும் குறைகிறது. இதனால் அந்த இரத்தம் பயனற்றது என்று கொள்ளவேண்டாம். 2015, 2016-ஆம் ஆண்டுகளில் வெளியான பெரிய மருத்துவ ஆய்வுகள், அண்மையில் எடுத்த இரத்தம் வழக்கமாகச் சேமித்த இரத்தத்தைவிட மேலானது என்று காட்டவில்லை. ஆயினும் மாற்றம் நடக்கிறது என்பதை அறிந்து, அளந்து, எந்த நாள் வரை பயன்படுத்தலாம் என்று வரையறுத்ததால்தான் நாம் அச்சமின்றி அதைப் பயன்படுத்துகிறோம்.

பைக்கும் இதில் பங்குண்டு. பிளாஸ்டிக்கை மென்மையாக்கச் சேர்க்கும் தாலேட் என்ற பொருள் சிறிது சிறிதாக இரத்தத்தில் கசிகிறது. அது சிவப்பணுக்களின் சவ்வை உறுதியாக்கி அவை உடைவதைக் குறைக்கிறது என்று பின்னர் தெரியவந்தது. அதே பொருள் உடலுக்குத் தீங்கு செய்யுமோ என்ற ஐயமும் இருப்பதால் மாற்றுப் பொருள்களைத் தேடிவருகிறார்கள். கண்ணாடிக் குழாயின் எதிர்மின்னூட்டம் கொண்ட பரப்போ உறைதலையே தூண்டிவிடும். பாத்திரம் சும்மா இருப்பதில்லை.

குழாய் மாறினால் எண் மாறும்

இப்போது ஆய்வகத்துக்கு வருவோம். சில எடுத்துக்காட்டுகளைக் கூறுகிறேன். கணக்கிடக்கூடியவற்றை நீங்களே தாளும் பென்சிலும் கொண்டு சரிபார்க்கலாம்.

முதலாவது, பொட்டாசியம். பிளாஸ்மாவில் இது ஒரு லிட்டருக்குச் சுமார் 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருக்கும். இதனினும் மிகுதியானால் இதயத் துடிப்பு கெடும். ஊதா மூடிக் குழாயில் ஒரு மி.லி. இரத்தத்திற்கு ஏறக்குறைய 1.8 மி.கி. ஈ.டி.டி.ஏ. உப்பு உள்ளது. வழக்கமாகப் பயன்படுவது இரட்டைப் பொட்டாசியம் உப்பு. அதன் மூலக்கூறு எடை ஏறத்தாழ 404. 1.8-ஐ 404-ஆல் வகுத்து லிட்டருக்கு மாற்றினால் சுமார் 4.5 மில்லிமோல். ஒவ்வொரு மூலக்கூறிலும் இரண்டு பொட்டாசியம் அயனிகள். ஆக 9 மில்லிமோல்! இரத்தத்தில் இயற்கையாக இருப்பதைப்போல் இருமடங்கு பொட்டாசியம் குழாயிலிருந்தே வந்துவிடுகிறது. இந்த உப்பு சிவப்பணுக்களுக்குள் எளிதில் நுழையாமல் பிளாஸ்மாவிலேயே தங்குவதால் உண்மையான உயர்வு இதனினும் மிகுதி.

‘பொட்டாசியம் பார்க்க ஊதாக் குழாயை யார் பயன்படுத்துவார்கள்?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ஊதாக் குழாயில் எடுத்த இரத்தம் மிஞ்சியிருக்கிறதே என்று அதில் கொஞ்சத்தை வேறு குழாயில் ஊற்றினால் போதும். சிறிதளவு கலந்தாலும் பொட்டாசியம் பொய்யாக உயரும். கால்சியம் பொய்யாகத் தாழும். ஆபத்தே இல்லாத ஒருவர் ஆபத்தான நோயாளி ஆகிவிடுவார். அதைவிடக் கேடு, பொட்டாசியம் உண்மையிலேயே குறைந்திருப்பவர் நலமாக இருப்பதுபோல் தோன்றுவார். ஆகையால்தான் எந்த நிறக் குழாயை முதலில் நிரப்புவது, எதைப் பின்னர் நிரப்புவது என்று ஒரு வரிசையை வகுத்திருக்கிறார்கள். ஊதாவுக்கு முன்பே பச்சையும் நீலமும் நிரம்பிவிட வேண்டும்.

இரண்டாவது, இரத்தத் தட்டுகளின் எண்ணிக்கை. டெங்குக் காய்ச்சல் பரவும் நாள்களில் நம் ஊர்களில் வீடுதோறும் பேசப்படும் எண் இது. ஒரு கன மில்லிமீட்டரில் ஒன்றரை இலட்சம் முதல் நான்கு இலட்சம் வரை இருப்பது இயல்பு. சுமார் ஆயிரத்தில் ஒருவருக்கு ஒரு விந்தை நடக்கிறது. ஈ.டி.டி.ஏ. கால்சியத்தைப் பிடுங்கியதும் தட்டுகளின் மேற்பரப்பிலுள்ள ஒரு புரதத்தின் வடிவம் மாறுகிறது. அவருடைய இரத்தத்திலுள்ள எதிர்ப்பொருள்கள் அதைப் பற்றித் தட்டுகளைக் கொத்துக் கொத்தாக ஒட்டவைக்கின்றன. எண்ணும் கருவி ஒரு கொத்தைத் தட்டாகவே கொள்வதில்லை. முடிவு, முப்பதாயிரம் என்று வரலாம். அந்த மனிதரின் உடலில் தட்டுகள் குறையவே இல்லை. குறைபாடு குழாய்க்குள் பிறந்தது. இதை அறியாவிட்டால் அறுவை சிகிச்சை தள்ளிப்போகும். எலும்பு மச்சையைத் துளைத்துப் பார்ப்பார்கள். தேவையின்றித் தட்டுகளை ஏற்றுவார்கள். அறிந்தவர் என்ன செய்வார்? ஒரு துளியைக் கண்ணாடிச் சில்லில் தடவி நுண்ணோக்கியில் பார்ப்பார். கொத்துகள் தெரியும். பிறகு சிட்ரேட் குழாயில் புதிதாக இரத்தம் எடுத்து எண்ணுவார். சிட்ரேட் கரைசலால் இரத்தம் நீர்த்திருப்பதால் விடையை 1.1-ஆல் பெருக்குவார்.

மூன்றாவது, சர்க்கரை. குழாயில் வந்த பின்னும் இரத்த அணுக்கள் உயிரோடுதான் இருக்கின்றன. அவை குளுக்கோசைத் தின்றுகொண்டே இருக்கும். அறை வெப்பநிலையில் மணிக்கு 5 முதல் 7 விழுக்காடு வரை குறையும். உணவுக்கு முன் 100 மி.லி.யில் 126 மி.கி. அல்லது அதற்கு மேல் இருப்பது நீரிழிவைக் குறிக்கும். ஒருவருக்கு 130 இருக்கிறது. குழாய் இரண்டு மணி நேரம் மேசையில் கிடக்கிறது. மணிக்கு 6 விழுக்காடு என்று கொண்டு கணக்கிட்டால் சுமார் 115 ஆகிவிடும். நோய் உள்ளவர் இல்லாதவராக வீடு திரும்புவார். இதற்காகவே சாம்பல் மூடிக் குழாயில் ஃபுளோரைடு இருக்கிறது. அதுவும் உடனே வேலை செய்வதில்லை. குளுக்கோசைச் சிதைக்கும் படிகளில் பிற்பட்ட ஒரு படியையே அது அடைக்கிறது. முற்பட்ட படிகள் ஓய ஒன்று, இரண்டு மணி நேரம் ஆகிறது. சிட்ரிக் அமிலமும் சேர்ந்தால் முதற்படிகளே விரைவில் நின்றுவிடும்.

நான்காவது, விகிதம். உறையும் நேரத்தைச் சோதிக்கும்போது 9 பங்கு இரத்தத்திற்கு 1 பங்கு சிட்ரேட் கரைசல் சேர்க்கிறார்கள். சிவப்பணுக்கள் படியும் வேகத்தை வெஸ்டர்கிரன் முறையில் அளக்கும்போதோ 4 பங்கிற்கு 1 பங்கு. பொருள் ஒன்றே, விகிதம் வேறு. உறைதல் சோதனைக் குழாயில் 0.3 மி.லி. சிட்ரேட் உள்ளது; 2.7 மி.லி. இரத்தம் வரவேண்டும். அவசரத்தில் 1.5 மி.லி.தான் வந்தது என்றால் விகிதம் 5-க்கு 1 ஆகிவிடும். சோதனையில் உறைதலைத் தொடங்கக் குறிப்பிட்ட அளவு கால்சியம் சேர்ப்பார்கள். மிகுதியான சிட்ரேட் அதில் ஒரு பகுதியை விழுங்கிவிடும். உறையும் நேரம் நீண்டதுபோல் காட்டும்.

குழாய் சரியாக நிரம்பினாலும் தவறு வரக்கூடும். சிட்ரேட் இருப்பது பிளாஸ்மாவில். நலமான ஒருவரின் இரத்தத்தில் ஏறக்குறைய 55 விழுக்காடு பிளாஸ்மா. 2.7 மி.லி.யில் சுமார் 1.5 மி.லி. பிறவி இதயக் கோளாற்றினால் உடல் நீலம் பாய்ந்த குழந்தைகளுக்குச் சிவப்பணுக்கள் பெருகி, பிளாஸ்மா 35 விழுக்காடாகக் குறைந்திருக்கலாம். அப்போது 0.95 மி.லி.தான் இருக்கும். ஒரு மி.லி. பிளாஸ்மாவுக்குக் கிடைக்கும் சிட்ரேட் ஒன்றரை மடங்கிற்கும் மேலாகிறது. அறுவை சிகிச்சைக்குக் காத்திருக்கும் அந்தக் குழந்தைக்கு ‘இரத்தம் சரியாக உறையவில்லை’ என்று ஒரு பொய் அறிக்கை வரும். சிட்ரேட்டைக் கணக்கிட்டுக் குறைத்தால் இது வராது. எட்டாம் வகுப்பு விகிதக் கணக்குதான். ஆனால் கணக்கு தேவை என்று யாருக்காவது தோன்ற வேண்டுமல்லவா?

எழும் மறுப்புகள்

இவற்றைக் கேட்டு மூன்று மறுப்புகள் எழக்கூடும்.

“இது ஆய்வகப் பணியாளர்களின் பயிற்சிக்கு உரியது, பள்ளி மாணவருக்கு எதற்கு?” என்பது முதல் மறுப்பு. குழாயின் நிறங்களை மனப்பாடம் செய்யவேண்டும் என்று நான் சொல்லவில்லை. அளக்கும் முன்பே பொருள் மாறியிருக்கலாம் என்ற எண்ணம் பள்ளி வயதிலேயே மனத்தில் ஊன்ற வேண்டும். ஆய்வகத் தவறுகளில் பெரும்பகுதி கருவிக்குள் நேர்வதில்லை. இரத்தம் கருவியை அடைவதற்கு முன்பே நேர்ந்துவிடுகிறது. விலையுயர்ந்த கருவியை வாங்கிவிட்டால் விடை சரியாக வரும் என்று நம்பும் சமூகத்தை நாம் உருவாக்கலாகாது. இன்னொன்றும் உண்டு. இரத்தம் எடுக்கும் பணியாளரை நாம் ஒரு விஞ்ஞானப் பணி செய்பவராகக் கருதுவதில்லை. ஆனால் குழாயைக் குறிவரை நிரப்பி, மெதுவாகச் சில முறை கவிழ்த்துக் கலக்கி, நேரத்தை எழுதிவைக்கும் அந்தக் கைகளில்தான் சோதனையின் பாதி இருக்கிறது.

இரண்டாவது மறுப்பு வலிமையானது. “எல்லோருடைய இரத்தத்தையும் ஒரே வகைக் குழாயில் எடுத்தால் தவறும் ஒரேபோல்தானே இருக்கும்? இயல்பான அளவு எது என்பதையும் அதே குழாயில் அளந்துதானே வகுத்தார்கள்? பிறகு என்ன கவலை?” என்று கேட்கலாம். உண்மைதான். நிலைமைகள் எல்லாம் ஒன்றாக இருந்தால் தவறுகள் ஒப்பீட்டில் கழிந்துவிடும். ஆனால் அவை ஒன்றாக இருந்தன என்பதை எப்படி அறிவது? எழுதி வைத்தால்தான் அறியலாம். உறைந்த இரத்தத்தின் சீரத்தில் அளந்த பொட்டாசியம், ஹெப்பாரின் சேர்த்த பிளாஸ்மாவில் அளந்ததைவிடச் சற்று மிகுதியாக இருக்கும். உறையும்போது தட்டுகள் தம்மிடமுள்ள பொட்டாசியத்தை வெளியிடுவதே காரணம். ஓர் ஊர் ஆய்வகம் சீரத்தையும் இன்னோர் ஊர் ஆய்வகம் பிளாஸ்மாவையும் பயன்படுத்தினால், இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்து ‘நோய் கூடியது’, ‘குறைந்தது’ என்று சொல்லிவிட முடியாது. அதுமட்டுமன்று. ஈ.டி.டி.ஏ.யால் தட்டுகள் ஒட்டிக்கொள்ளும் அந்த ஆயிரத்தில் ஒருவருக்கு, மற்ற 999 பேரின் சராசரி எந்த ஆறுதலும் தராது.

மூன்றாவது, “இவ்வளவு ஐயம் கற்பித்தால் மக்கள் மருத்துவச் சோதனைகளையே நம்ப மாட்டார்கள்” என்பது. நான் இதற்கு நேர்மாறாக எண்ணுகிறேன். லூவிசான் அளந்து பார்த்ததால்தான் சிட்ரேட்டின் மீது நம்பிக்கை வந்தது. 35 நாள் என்ற எல்லையை யாரும் குருட்டாம்போக்கில் வைக்கவில்லை. செலுத்திய சிவப்பணுக்களில் சராசரியாக 75 விழுக்காடாவது 24 மணி நேரம் கழித்தும் உடலில் ஓடிக்கொண்டிருக்கின்றனவா என்று சோதித்தே இத்தகைய எல்லைகளை வகுக்கிறார்கள். தவறு எங்கே நுழையும் என்று தெரிந்த அளவீடே நம்பத்தக்க அளவீடு.

ஆராய்ச்சியில் இதன் விளைவு இன்னும் நீண்டது. இன்று எடுத்து மைனஸ் 80 டிகிரி செல்சியசில் உறையவைக்கும் இரத்தத்தை 20 ஆண்டு கழித்து, இப்போது நினைத்தும் பார்க்காத ஒரு கேள்விக்காக எடுக்கக்கூடும். ஹெப்பாரினில் எடுத்த இரத்தம், டி.என்.ஏ.வைப் பெருக்கும் பி.சி.ஆர். முறைக்குத் தடையாக நிற்கும். ஈ.டி.டி.ஏ.யில் எடுத்ததோ அதற்கு ஏற்றது; ஆனால் கால்சியம், மக்னீசியம் பார்க்க உதவாது. அதனால்தான் 2006-இலிருந்து 2010 வரை ஐந்து இலட்சம் பேரின் இரத்தத்தைச் சேமித்த பிரிட்டனின் ‘யு.கே. பயோபேங்க்’ திட்டம், ஒருவரிடமிருந்தே பல வகைக் குழாய்களில் இரத்தம் எடுத்தது. எதிர்காலத்து மாணவர் கேட்கப்போகும் கேள்வியை இன்றைய குழாய் அடைத்துவிடக்கூடாது என்பதே அதன் நோக்கம்.

செய்ய வேண்டியது என்ன?

உயிரியல் பாடத்தில் இரத்தம் உறைதலைப் பற்றிச் சொல்லும் இடத்தில், உறைவு தடுப்பான்களைப் பற்றியும் அவை சோதனையை எப்படி மாற்றும் என்பதைப் பற்றியும் ஒரு பக்கம் சேர்க்க வேண்டும். அதைவிட முக்கியமானது செய்முறைக் குறிப்பேடு. இன்று நம் குறிப்பேடுகளில் நோக்கம், தேவையான பொருள்கள், செய்முறை, அட்டவணை, முடிவு என்ற தலைப்புகள் இருக்கின்றன. வகுப்பிலுள்ள 40 பேரின் குறிப்பேட்டிலும் ‘செய்முறை’ ஒரே எழுத்து மாறாமல் இருக்கும். ‘முடிவு’ புத்தகத்திலுள்ள எண்ணுக்கு மிக அருகில் இருக்கும். மதிப்பெண்ணும் அந்த அருகாமைக்கே கிடைக்கிறது. இம்முறை மாணவருக்கு எதைக் கற்பிக்கிறது? விடையைத் திருத்தக் கற்பிக்கிறது. அப்படிப் பழகியவர் ஒரு நாள் ஆய்வகத்தில் உட்கார்ந்து, பாதி நிரம்பிய குழாயைக் கண்டும் காணாததுபோல் கருவியில் வைத்தால் நாம் யாரைக் குறை சொல்வது?

‘முடிவு’க்கு முன் ‘பொருளின் வரலாறு’ என்று ஒரு தலைப்பைச் சேர்க்கலாம். அதில் நான்கு வரிகள் போதும். சோதனைக்குரிய பொருளை எப்போது எடுத்தோம்? எதில் வைத்தோம்? அதனோடு எதை, எந்த அளவில் சேர்த்தோம்? அளக்கும் வரை எவ்வளவு நேரம், எந்த வெப்பநிலையில் இருந்தது? கிணற்று நீரின் உப்பைச் சோதித்தாலும், இலையின் நிறமியைப் பிரித்தாலும், ஊசலின் அலைவு நேரத்தை அளந்தாலும் இந்த வரிகளை எழுத இடமுண்டு. புத்தக எண்ணிலிருந்து விலகிய விடைக்கு, விலகியதற்கான காரணத்தை இந்நான்கு வரிகளிலிருந்து ஒரு மாணவர் எடுத்துக்காட்டினால், அவருக்கே முழு மதிப்பெண் கொடுக்க வேண்டும்.

நீங்களே இன்று ஒரு சோதனை செய்து பார்க்கலாம். இரத்தத்தைக் கொண்டு வேண்டாம். விரலைக் குத்திக்கொள்ளும் வேலையை வீட்டிலோ வகுப்பிலோ செய்யவே கூடாது. வெதுவெதுப்பான நீர் போதும். ஒரே பாத்திரத்திலிருந்து ஒரு சிறு கிண்ணத்தில் 20 மி.லி.யும், இன்னொரு பெரிய பாத்திரத்தில் ஒரு லிட்டரும் எடுங்கள். பனிக்கட்டி நீரில் வைத்த ஆய்வக வெப்பமானியைத் துடைத்து ஒன்றில் விட்டு அளவெடுங்கள். மீண்டும் அதைக் குளிரவைத்துத் துடைத்து மற்றதில் விட்டு அளவெடுங்கள். இரண்டு எண்களையும் எழுதுங்கள். எது உண்மைக்கு அருகில் உள்ளது? வேறுபாட்டில் வெப்பமானியின் பங்கு எவ்வளவு? கிண்ணத்தின் பங்கு எவ்வளவு? இடையில் கழிந்த நேரத்தின் பங்கு எவ்வளவு? மூன்றையும் பிரித்துக் காட்ட என்ன செய்யலாம் என்று நண்பர்களோடு கலந்து பேசுங்கள்.

அடுத்த முறை உங்கள் வீட்டில் யாருக்கேனும் இரத்தச் சோதனை செய்து, எதிர்பாராத எண் ஒன்று வந்தால் உடனே அஞ்சவும் வேண்டாம். ‘ஆய்வகம் பொய் சொல்கிறது’ என்று தள்ளவும் வேண்டாம். எந்தக் குழாயில் எடுத்தீர்கள், எத்தனை மணிக்கு எடுத்தீர்கள், மறுபடியும் எடுத்துப் பார்க்கலாமா என்று மருத்துவரிடமும் ஆய்வகத்தாரிடமும் பணிவோடு கேளுங்கள். நல்ல மருத்துவர் அக்கேள்வியை வரவேற்பார். அவரும் மனத்துக்குள் அதையேதான் கேட்டுக்கொண்டிருப்பார்.